மரக்காணத்து உப்பளமும் கண்ணுக்குத் தெரியாத வேலைக்காரர்களும்

(முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"நுண்ணுயிர்களும் உயிர்த்தொழில்நுட்பமும்" என்ற தலைப்பில் இருபது நிமிடம் பேச வேண்டும் என்று செயலாளர் கேட்டுக்கொண்டார். தலைப்பு ரொம்பப் பெரிசு, நேரமோ சின்னது. ஆகவே அந்தப் பெரிய தலைப்பைத் தூக்கிக்கொண்டு போய் ஒரே ஒரு ஊருக்குள் இறக்கி வைத்துவிடலாம் என்று தீர்மானித்தேன். அந்த ஊர் மரக்காணம்.

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போகிற எல்லாரும் மரக்காணத்தைத் தாண்டித்தான் போகிறோம். ஆந்திரத்தில் காக்கிநாடா பக்கம் தொடங்குகிற பக்கிங்காம் கால்வாய் வந்து முடிகிற வட்டாரம் அது. பக்கத்திலேயே கழுவெளி ஏரி. 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தால் பாத்தி பாத்தியாக உப்பளம், வரப்போரத்தில் வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல். அந்த வெள்ளையைத்தான் நாம் எல்லாரும் பார்க்கிறோம். நான் பேச வந்தது அந்த வெள்ளைக்கு முன்னால் வருகிற ஒரு சிவப்பைப் பற்றி.

அதற்கு முன், தலைப்பைப் பற்றி நாலு வார்த்தை சொல்லிவிடுகிறேன். இங்கே எல்லாத் துறையினரும் இருக்கிறீர்கள்.

உயிர்த்தொழில்நுட்பம் என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும்தான் ஞாபகத்துக்கு வரும். இன்று காலையில் நாம் சாப்பிட்ட இட்லியும் அதுதான். ராத்திரி கரைத்து வைத்த மாவு விடியும்போது பொங்கி நிற்கிறதே, அது லியூகோனாஸ்டாக் என்ற பாக்டீரியாவும் அதன் கூட்டாளிகளும் சேர்ந்து செய்கிற வேலை. மாவில் இருக்கும் சர்க்கரையைத் தின்றுவிட்டு அமிலத்தையும் கரியமில வாயுவையும் விட்டுவிட்டுப் போகின்றன. 1978இல் அமெரிக்காவில் மனித இன்சுலினுக்கான மரபணுவை ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குள் வைத்து அதையே இன்சுலின் செய்ய வைத்தார்கள். 1982இல் அந்த மருந்துக்கு அனுமதி கிடைத்தது. 1997இல் ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ், ஈஸ்ட்டைக் கொண்டு ஹெபடைட்டிஸ்-பி தடுப்பூசியை நம் நாட்டிலேயே தயாரித்தது.

இட்லி, இன்சுலின், தடுப்பூசி மூன்றிலும் சூத்திரம் ஒன்றுதான். தகுந்த நுண்ணுயிர், அதற்குத் தீனி, அதற்குப் பிடித்த சூழ்நிலை, கடைசியில் அது செய்து வைத்ததைப் பிரித்தெடுக்க ஒரு வழி. கேட்க எளிது. நடத்திப் பார்த்தால்தான் தெரியும், இதில் பெரிய தலைவலி வேண்டாத விருந்தாளி. நாம் ஒரு கிருமியை வளர்க்கப் பார்த்தால் காற்றிலும் தண்ணீரிலும் இருந்து நூறு கிருமி உள்ளே நுழைந்துவிடும். அதனால்தான் நொதிக்கலனை 121 டிகிரி வெப்பத்தில் நீராவி விட்டுச் சுத்தம் செய்கிறோம். உள்ளே போகிற காற்றை வடிகட்டுகிறோம். நல்ல தண்ணீரைத் தேடி ஓடுகிறோம். செலவில் கணிசமான பங்கு இந்தக் காவல் வேலைக்கே போய்விடுகிறது.

காவலுக்கு ஆளே வேண்டாத ஒரு தொட்டி இருந்தால் எப்படி இருக்கும்? அப்படிப்பட்ட தொட்டிகள் மரக்காணத்தில் ஏக்கர் கணக்கில் கிடக்கின்றன என்பதைச் சொல்லத்தான் வந்தேன்.

பாத்தியில் நடப்பது என்ன?

கடல் தண்ணீரில் உப்பு சுமார் 3.5 சதவீதம். தை, மாசியில் தொடங்கி அந்தத் தண்ணீரைப் பாத்திக்குப் பாத்தி மாற்றி வெயிலில் காய வைக்கிறார்கள். அடர்த்தியை அளக்க ஹைட்ரோமீட்டரில் 'பாமே' என்று ஒரு கணக்கு உண்டு. கடல் தண்ணீர் அதில் 3 டிகிரிக்குச் சற்று மேலே நிற்கும். காயக் காய முதலில் சுண்ணாம்புச் சத்து படியும். அடுத்து ஜிப்சம் படியும். 25 டிகிரியைத் தாண்டும்போதுதான் நாம் சாப்பிடுகிற உப்பு இறங்கும். அதற்குள் பத்து லிட்டர் தண்ணீர் ஒரு லிட்டராகச் சுண்டியிருக்கும். 30 டிகிரியை நெருங்கினால் மக்னீசிய உப்புகள் மிஞ்சிய கசப்பு நீர். அதை வெளியே விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் உப்பு கசக்கும்.

இது வேதியியல். வேதியியல் மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டுதான் நம்மில் பலர் பாடத்தை மூடி வைத்தோம். பாத்திக்குப் பக்கத்தில் நின்று பார்த்தால் நிறம் மாறுவது தெரியும். தண்ணீர் முதலில் லேசான பச்சை. நடுப் பாத்திகளில் அடிமண்ணின் மேல் பாய் விரித்தாற்போல ஒரு படலம். உப்பு இறங்கும் பாத்திகளில் சித்திரை, வைகாசி வெயிலுக்குத் தண்ணீர் ரோஜா நிறத்துக்குப் போய், சில இடங்களில் செங்கல்லைக் கரைத்தது போல் நிற்கும்.

அங்கே பல வருஷமாக உப்பு வாருகிற ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் சொன்னதை அவர் பாஷையிலேயே தருகிறேன்.

"தண்ணி பச்சையா இருந்தா இன்னும் நாளு கெடக்குது தம்பி. ரோஸு ஏறிச்சின்னா உப்பு எறங்கப் போவுதுன்னு அர்த்தம். வழவழன்னு ஆடை கட்டிச்சின்னா மட்டும் அந்தப் பாத்தி சரிப்படாது. உப்பு பொடியா நிக்கும், கல்லு சேராது."

"அந்த ரோஸு கலரு எதனாலம்மா வருது?"

"வெயிலக் குடிக்குது இல்ல, அதான்."

நண்பர்களே, இந்தப் பதிலில் ஒரு வார்த்தையைக்கூடத் திருத்த வேண்டியதில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

சிவப்பு யாருடையது?

1838இல் பிரான்சின் மோன்பெலியே நகர்ப்பக்கத்து உப்பளங்களில் இதே சிவப்பைப் பார்த்து, இதற்குக் காரணம் ஒரு நுண்பாசி என்று மிஷெல் ஃபெலிக்ஸ் டூனால் என்ற தாவரவியல் அறிஞர் சொன்னார். 1905இல் ருமேனியாவின் தியோதொரெஸ்கோ அந்தப் பாசிக்கு அவர் பெயரையே வைத்தார்: டூனாலியெல்லா. அது பச்சைப் பாசிதான். வெயிலும் உப்பும் கடுமையாகும்போது உள்ளே பீட்டா-கரோட்டினைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆரஞ்சு நிறமாகிவிடும். கேரட்டில் இருக்கும் அதே சரக்கு. நாம் வெயிலுக்குக் குடை பிடிப்பது போல அது கரோட்டினைப் பிடிக்கிறது. நல்ல வகையாக இருந்தால் அதன் உலர் எடையில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் கரோட்டினாகவே இருக்கும்.

இரண்டாவது ஆள் இன்னும் சின்னவர். ஹேலோபாக்டீரியம் என்றும் அதன் உறவுக்காரர்கள் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். பெயரில் பாக்டீரியா என்று இருந்தாலும் இவர்கள் பாக்டீரியா இல்லை. 1977இல் கார்ல் வோஸும் ஜார்ஜ் ஃபாக்ஸும் உயிர்களின் வம்சாவளியைத் திருப்பி எழுதியபோது, 'ஆர்க்கியா' என்று இன்று நாம் சொல்கிற தனி வம்சத்தில் இவர்கள் போய்ச் சேர்ந்தார்கள். உப்பு இறங்குகிற பாத்தியில் ஒரு மில்லி லிட்டர் தண்ணீரை எடுத்தால் ஒரு கோடிக்கு மேல் இருப்பார்கள். அவர்களில் ஒரு வகை அச்சடித்த மாதிரி சதுரமாக இருக்கும். அதை 1980இல் சினாய் தீபகற்பத்து உப்புக் குட்டையில் அந்தோனி வால்ஸ்பி கண்டுபிடித்தார். ஆய்வுக்கூடத்தில் அதை வளர்க்க 2004 வரை யாராலும் முடியவில்லை.

இவர்களை நம் வீட்டுப் பெண்களுக்கு முன்பே தெரியும். சரியாகக் காயாத கருவாட்டில் சில சமயம் ரோஸாகப் படியுமே, அது இவர்கள்தான். உப்பு போட்டுக் கட்டி வைத்த மாட்டுத் தோலிலும் அதே சிவப்பு வரும். வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். உப்பளம், கருவாடு, தோல் மூன்றிலும் ஒரே குடும்பம்.

உப்பில் எப்படி உயிர் வாழ்கிறது?

மாங்காயை உப்பில் போட்டால் தண்ணீர் விட்டுச் சுருங்குகிறது. கிருமிக்கும் அதே கதிதான். உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே இருக்கும் உப்பு உறிஞ்சி எடுத்துவிடும். ஊறுகாய் கெடாததற்கு அதுவே காரணம். இந்தச் சிவப்புக்காரர்கள் மட்டும் எப்படிப் பிழைக்கிறார்கள்?

இரண்டு வழி இருக்கிறது. ஆர்க்கியாக்களின் வழி, வெளியில் உப்பு என்றால் உள்ளேயும் உப்பு. பொட்டாசிய உப்பை உள்ளே நிரப்பிக்கொள்ளும். அதன் புரதங்கள் எல்லாம் உப்பில் வேலை செய்யவே அமைந்தவை. நல்ல தண்ணீரில் போட்டால் வெடித்துச் செத்துவிடும். டூனாலியெல்லாவின் வழி வேறு. உப்பை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே கிளிசரினைத் தயாரித்து நிரப்பிக்கொள்ளும். வெளியே உப்பு கூடினால் கிளிசரினும் கூடும், குறைந்தால் குறையும். அதற்குக் கெட்டியான செல் சுவரே கிடையாது. ஆகவே ஊதவும் சுருங்கவும் தோது. சில பாக்டீரியாக்கள் கிளிசரினுக்குப் பதில் எக்டோயின் என்ற ஒரு பொருளைச் செய்துகொள்கின்றன. எக்டோயினைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது அந்த அம்மாவின் பதிலுக்கு வருவோம். சிவப்புத் தண்ணீர் தெளிந்த தண்ணீரைவிட வெயிலை அதிகம் வாங்கிக்கொள்ளும், சூடு ஏறும், சீக்கிரம் ஆவியாகும். வெயிலைக் குடிக்கிறது என்று அவர் சொன்னது அப்படியே இயற்பியல். அடிமண்ணில் படிகிற படலம் தண்ணீர் மண்ணுக்குள் இறங்காமல் அடைக்கிறது. உப்புப் பாத்தியில் மிஞ்சிய கரிமக் கழிவை ஆர்க்கியாக்கள் தின்று தீர்ப்பதால் கல் சுத்தமாக விழுகிறது. வழவழப்பான ஆடை என்றாரே, அது சில நீலப்பச்சைப் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகிக் கோழையை விடுவதால் வருவது. உள்ளே வரும் தண்ணீரில் சாக்கடைச் சத்து கூடினால் அதுவும் கூடும். ஆக, உப்பளம் ஏற்கனவே ஒரு நுண்ணுயிர்த் தொழிற்சாலை. ஆட்களின் பெயர் மட்டும் வருகைப் பதிவேட்டில் இல்லை.

உலகம் இவர்களை வைத்து என்ன செய்தது?

மேற்கு ஆஸ்திரேலியாவில் ஹட் லகூன் என்ற உப்பு ஏரியில் பல நூறு ஹெக்டேர் குளங்களில் டூனாலியெல்லாவை வளர்த்து பீட்டா-கரோட்டின் எடுக்கிறார்கள். 1980களிலிருந்து அது வியாபாரம். இஸ்ரேலிலும் அதே காலத்தில் ஆரம்பித்தார்கள்.

எக்டோயின் கதை இன்னும் சுவாரஸ்யம். 1985இல் எகிப்தின் வாதி நத்ரூன் உப்பு ஏரியிலிருந்து வந்த ஒரு பாக்டீரியாவில் ஜெர்மானியர் கலின்ஸ்கியும் அவருடைய குழுவும் அதைக் கண்டார்கள். செல்லுக்குள் இருக்கிற புரதங்களும் சவ்வும் காய்ந்து கெடாமல் காப்பது அதன் குணம். இன்று தோல் களிம்பிலும் மூக்கு மருந்திலும் கண் சொட்டு மருந்திலும் அது இருக்கிறது. தயாரிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் ஹேலோமோனாஸ் எலாங்கேட்டா என்ற பாக்டீரியா எங்கே கிடைத்தது தெரியுமா? கரீபியன் கடலில் போனேர் என்ற தீவின் உப்பளத்தில். மரக்காணம் மாதிரி ஒரு இடத்தில்! அதை 10 சதவீத உப்பில் வளர்த்து, திடீரென்று 2, 3 சதவீதத்துக்கு இறக்குவார்கள். வெடிக்காமல் இருக்க அது எக்டோயினை வெளியே கொட்டிவிடும். வடிகட்டி எடுத்துக்கொண்டு மறுபடி உப்பில் விட்டால் மறுபடி சுரக்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'பாக்டீரியாப் பால் கறத்தல்'. கோடையில் ஒரு மழை பெய்தால் பாத்தியில் இயற்கையாக நடப்பதைத்தான் அவர்கள் தொட்டிக்குள் நடத்துகிறார்கள்.

ஆர்க்கியாக்களின் கதையும் உண்டு. 1971இல் ஓஸ்டர்ஹெல்ட்டும் ஸ்டோக்கேனியஸும் ஹேலோபாக்டீரியத்தின் சவ்வில் ஊதா நிறப் புரதம் ஒன்றைக் கண்டார்கள். வெளிச்சம் பட்டால் புரோட்டான்களை வெளியே தள்ளுகிற பம்ப் அது. இலையில் இருக்கும் பச்சையம் இல்லாமலே வெளிச்சத்தைச் சக்தியாக்குகிற வேறொரு வழி. அதே புரதத்தை எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்துப் பார்த்துத்தான் ரிச்சர்ட் ஹெண்டர்சன் தன் முறையை உருவாக்கினார். 2017இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. உப்புக் குட்டையில் கிடந்த ஒரு கிருமி எங்கே கொண்டுபோய் விட்டது பாருங்கள்.

நொதிக்கலன் காவலைப் பற்றி ஆரம்பத்தில் சொன்னேன் இல்லையா? பெய்ஜிங்கின் சிங்குவா பல்கலைக்கழகத்தில் சென் குவோ-சியாங் குழுவினர் ஹேலோமோனாஸை வைத்து, நீராவிச் சுத்திகரிப்பே செய்யாத திறந்த தொட்டியில் மக்கும் பிளாஸ்டிக்கைத் தயாரித்துக் காட்டினார்கள். உப்பு மிகுந்த தண்ணீரில் மற்ற கிருமிகளால் தலைகாட்ட முடியவில்லை. உப்பே காவல்காரன்.

நமக்கு என்ன பயன்?

நான் வேலை பார்ப்பது தொழிற்சாலைக் கழிவுநீர்ச் சுத்திகரிப்பில். அதனால் என் கண் கரோட்டினைவிட இந்தக் காவல் விஷயத்தில்தான் நின்றது. ஒரு பச்சைத் தோலைக் கெடாமல் வைக்க அதன் எடையில் சுமார் 40 சதவீதம் உப்பு போடுகிறார்கள். ஊற வைத்துக் கழுவும்போது அந்த உப்பு எல்லாம் தண்ணீரோடு வந்துவிடும். சாயப் பட்டறைத் தண்ணீரிலும் உப்பு உண்டு. சாதாரண சுத்திகரிப்பு நிலையத்துப் பாக்டீரியாவை இந்தத் தண்ணீரில் விட்டால் மாங்காய் சுருங்குகிற கதைதான். பாலாறும் நொய்யலும் பட்ட பாட்டை இங்கே விளக்க வேண்டியதில்லை. 2011இல் திருப்பூர்ச் சாயப் பட்டறைகளை உயர் நீதிமன்றம் மூடச் சொன்னது இங்கே பலருக்கு ஞாபகம் இருக்கும்.

உப்பில் வாழப் பிறந்த கிருமிகள் அந்தத் தண்ணீரில் இருக்கும் அழுக்கைத் தின்னும். உப்பை அவை தின்னாது. அதை ஆவியாக்கியோ சவ்வு வழியாகவோதான் பிரிக்க வேண்டும். ஆனால் அழுக்கு போய்விட்டால் சவ்வு அடைபடுவது குறையும், மிஞ்சுகிற உப்பும் சுத்தமாக இருக்கும். இந்த வழியில் பல நாடுகளில் ஆராய்ச்சி நடக்கிறது. மரக்காணம் உள்ளிட்ட தமிழ்நாட்டு உப்பளங்களிலிருந்து இப்படிப்பட்ட நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்து நம் பல்கலைக்கழகங்கள் கட்டுரை வெளியிட்டிருக்கின்றன. கட்டுரையிலிருந்து தொட்டிக்கு வரும் தூரம்தான் இன்னும் கடக்காமல் இருக்கிறது.

அந்தத் தூரம் கடக்கக் கூடியதுதான் என்பதற்கு நம் ஊரிலேயே சாட்சி உண்டு. ஐ.ஐ.டி. கான்பூரில் கெமிக்கல் இன்ஜினீயரிங் பேராசிரியராக இருந்த சி.வி.சேஷாத்ரி, 1970களின் கடைசியில் சென்னைக்கு வந்து முருகப்பச் செட்டியார் ஆராய்ச்சி மையத்தை நடத்தினார். ஸ்பைருலினா என்ற நீலப்பச்சை நுண்ணுயிரைக் கிராமத்துத் தொட்டிகளில் வளர்த்துக் குழந்தைகளின் சத்துக் குறைவைத் தீர்க்க முடியுமா என்று அவர் குழு வருஷக்கணக்கில் உழைத்தது. பிறகு புதுக்கோட்டை மாவட்டம் ஊனையூரில் பாரி நிறுவனம் அதைப் பெரிய அளவில் வளர்த்து வெளிநாடுகளுக்கு அனுப்பியது. கிராமத்துத் தொட்டி ஒரு வழி, ஏற்றுமதித் தொழிற்சாலை இன்னொரு வழி. இரண்டும் இந்த மண்ணில் நடந்தவை.

அதற்காக நாளைக்கே மரக்காணத்தில் கரோட்டின் ஆலை கட்டலாம் என்று நான் சொல்லவில்லை. டூனாலியெல்லாவை வளர்ப்பது சுலபம், அறுவடைதான் கஷ்டம். திறந்த குளத்தில் ஒரு லிட்டருக்குச் சில மில்லிகிராம் கரோட்டின்தான் தேறும். ஒரு கிலோ எடுக்க லட்சம் லிட்டர் கணக்கில் தண்ணீரை வடிகட்ட வேண்டும். செல் சுவர் இல்லாததால் வேகமாகச் சுற்றினால் பாசி உடைந்துவிடும். வடகிழக்குப் பருவமழை வேறு ஆண்டுதோறும் வந்து பாத்தியைக் கழுவிவிடும். ஆஸ்திரேலியாவின் கணக்கு இங்கே அப்படியே செல்லாது. இங்கே எது செல்லும் என்பதை இங்கேயே அளந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லாபம் யாருக்கு?

இதைச் சொல்லாமல் போனால் நான் வந்ததே வீண். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில், வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக் 1960களில் ஒரு பாக்டீரியாவை எடுத்தார். அதன் என்ஸைம்தான் பிறகு டி.என்.ஏ.வைப் பெருக்கும் பி.சி.ஆர். முறைக்கு உயிர் கொடுத்தது. 1991இல் அந்த முறையின் உரிமை 30 கோடி டாலருக்குக் கைமாறியது. பூங்காவுக்கு ஒரு காசு வரவில்லை.

பக்கத்து கேரளத்தில் வேறு மாதிரி நடந்தது. அகத்திய மலையின் காணிப் பழங்குடியினர் களைப்பு தீரத் தின்னும் ஆரோக்கியப் பச்சை என்ற செடியை வைத்து, திருவனந்தபுரத்துத் தாவரவியல் பூங்கா ஆராய்ச்சி நிலையம் ஒரு மருந்து செய்தது. உரிமத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று முடிவு செய்து, 1997இல் அவர்களுக்காக ஒரு அறக்கட்டளையும் ஏற்பட்டது. அதில் குறைகள் இல்லாமல் இல்லை. ஆனாலும் "வழி காட்டியவனுக்குப் பங்கு உண்டு" என்ற பேச்சு காகிதத்தில் ஏறியது.

2002இல் நம் நாட்டில் பல்லுயிர்ச் சட்டம் வந்தது. அதன் தேசிய ஆணையம் சென்னையிலேயே இருக்கிறது. நுண்ணுயிரும் அந்தச் சட்டத்துக்குள் அடக்கம். ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு, மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு என்று ஏற்பாடு உண்டு. பதிவேடு என்றால் மரம், பறவை, மூலிகை என்றுதான் எழுதுவோம். உப்புத் தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பதம் சொல்கிற அறிவை யார் எழுதுவது?

இது அலங்காரத்துக்குச் சொல்வது இல்லை. உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் விடியுமுன் இறங்குகிறார்கள். வெள்ளையின் கூச்சம் கண்ணைக் கெடுக்கும். உப்பு காலைப் புண்ணாக்கும். மழை வந்தால் மூன்று மாதத்துக்கு மேல் வேலையே கிடையாது. 2022இல் தமிழக அரசு மழைக்காலத்துக்கு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் நிவாரணம் தரத் தொடங்கியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தபோது மரக்காணத்து உப்பளங்கள் தண்ணீருக்குள் போயின. அப்போது டூனாலியெல்லா உறைபோட்டுக்கொண்டு சேற்றில் தூங்கும். ஆர்க்கியாக்களில் சில, உப்புக் கல்லுக்குள் சிக்கிய துளித் தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். மனுஷனுக்கு அந்த வசதி இல்லை. அடுப்பு எரிய வேண்டும்.

ஆகவே என் வேண்டுகோள்கள் மூன்று. முதல் இரண்டும் மாணவர்களுக்கு.

ஒன்று: உங்கள் இறுதி ஆண்டு புராஜெக்டுக்குத் தலைப்பு தேடும்போது ஒரு பருவம் முழுக்க மரக்காணத்துக்குப் போய் வாருங்கள். வாரம் ஒரு முறை பாமே டிகிரி, வெப்பம், நிறம், நுண்ணோக்கியில் தெரிவது ஆகியவற்றைக் குறித்து வையுங்கள். பக்கத்திலேயே, அங்கே வேலை செய்கிறவர் அன்றைக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி என்ன சொன்னார் என்பதையும் அதே தேதியில் எழுதுங்கள். பெரிய இயந்திரம் எதுவும் வேண்டாம். தொடர்ச்சியாக ஐந்து வருஷம் ஒரு வகுப்பு அடுத்த வகுப்புக்குக் கொடுத்து எழுதி வந்தால், எந்தப் பணக்கார ஆய்வுக்கூடத்திலும் இல்லாத ஒரு கணக்குப் புத்தகம் இந்தக் கல்லூரியில் இருக்கும்.

இரண்டு: நல்ல நுண்ணுயிர் எதையாவது பிரித்தெடுத்தால், கட்டுரையோடு விட்டுவிடாமல் சண்டிகரில் இருப்பது போன்ற அரசு நுண்ணுயிர்ச் சேமிப்பு மையத்தில் சேர்த்துவிடுங்கள். எந்த ஊர், எந்தப் பாத்தி என்ற விவரமும் கூடவே போகட்டும். ஊர் பெயர் இல்லாத கிருமிக்குப் பங்கு கேட்க யாரும் வர முடியாது.

மூன்றாவது, என்னைப் போல் வேலையில் இருக்கும் பழைய மாணவர்களுக்கு. தோல், சாயம், ரசாயனம் என்று உப்புத் தண்ணீரோடு மல்லுக்கட்டுகிற தொழிற்சாலைகளில் நம்மவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறோம். ஒரு சின்னத் தொட்டியை, ஒரு டிரம் கழிவுநீரை மாணவர்களுக்குச் சோதனைக்கு ஒதுக்கிக் கொடுக்க நம்மால் முடியும். அது பலித்தால் அந்தத் தொட்டிகளைப் பார்த்துக்கொள்ள, மழைக்காலத்தில் வேலை இல்லாமல் இருக்கும் உப்பளத்துக்காரர்களைவிடத் தகுதியானவர்கள் யார்? தண்ணீரைப் படிக்கத் தெரிந்தவர்கள் அவர்கள். நம் பட்டத்துக்குப் பக்கத்தில் அவர்கள் அனுபவத்தையும் வைத்து ஒப்பந்தம் எழுதுவோம். கூலிக்கு ஆள் வைப்பதும் பங்காளியாகச் சேர்ப்பதும் ஒன்றில்லை என்பது இங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும்.

அடுத்த முறை மரக்காணத்தைத் தாண்டும்போது அரை மணி நேரம் வண்டியை நிறுத்துங்கள். வரப்பில் நிற்பவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு இறங்கிப் பாருங்கள். கோடையாக இருந்தால் சிவப்பு தெரியும்.